வீட்டைச் சுற்றியே ஓர் ஆண்டு: பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில், கேமராவையோ போனையோ எடுத்துக்கொண்டு, நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கும் மரம், பூச்சி, தெரு, மனிதர்களை ஆண்டு முழுக்கப் படம் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்கான பக்கம் இது. தொழில்முறைக் கலைஞர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

எங்கள் பக்கத்தில் படம் எடுக்கிற மாதிரி ஒன்றுமே இல்லையே?

அடிக்கடி வருகிற கேள்வி இதுதான். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பிரான்ஸில் நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னல் வழியாக எடுத்த படம் அது. சில கூரைகள், சுவர்கள், கொஞ்சம் வானம், அவ்வளவுதான். வெளிச்சம் பல மணி நேரம் விழ வேண்டியிருந்தது. அதற்குள் சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்விட்டதால், எதிரெதிராக இருக்கும் சுவர்கள் இரண்டிலுமே வெயில் அடிக்கிறது.

செக் நாட்டு யோசெஃப் சுடெக்கையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிராக் நகரம் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, தன் ஸ்டுடியோவின் ஜன்னலையே படம் எடுக்க ஆரம்பித்தார். 1940-இல் தொடங்கியது 1954 வரை போனது. கண்ணாடியில் படிந்த நீராவி, வழிகிற துளிகள், குளிர்காலத்தில் உறைபனி போட்ட கோலம், அதற்கு அப்பால் முற்றத்தில் வளைந்து நின்ற மரம். அத்தனை ஆண்டும் அவருக்கு வேலை இருந்தது.

எனவே மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்: ஒரு மரம், ஒரு தெருமுனை, தண்ணீர் தேங்குகிற ஓர் இடம். மூன்றும் நீங்கள் ஏற்கெனவே தினமும் கடந்து போகிறவையாக இருக்கட்டும். தனியாக நேரம் ஒதுக்கிப் போக வேண்டிய இடத்தை இரண்டு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் அப்படித்தான்.

எந்த கேமரா வாங்கலாம்?

முதல் ஆண்டு எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுத்தாலே பாதிப் படங்கள் தெளிவாகும். பையில் கிடக்கிற போனின் லென்ஸில் எப்போதும் எண்ணெய்ப் படலம் இருக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். டிஜிட்டல் ஜூமை நம்பாதீர்கள், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலைதான்.

போனைக் கொண்டு எடுக்க முடியாதவை என்று பார்த்தால், தூரத்துப் பறவைகள், மங்கிய வெளிச்சத்தில் அசைகிற பொருட்கள், மிகச் சிறிய பூச்சிகள். இவற்றில் எது உங்களை இழுக்கிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும். அதற்கேற்ற லென்ஸுக்குப் பணத்தைப் போடுங்கள். கேமரா உடல் சில ஆண்டு பழையதாக, கைமாறி வந்ததாக இருந்தாலும் பாதகமில்லை.

எங்களுக்குப் பனி கொட்டுவதும் இல்லை, இலை சிவந்து உதிர்வதும் இல்லை. இதில் பருவம் என்று எதை எடுப்பது?

அந்த இரண்டும்தான் பருவம் என்று காலண்டர் படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. பழந்தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். உங்கள் வானிலை அதோடு அப்படியே பொருந்தாவிட்டாலும், இரண்டு மாதத்துக்கு ஒரு தொகுப்பு என்ற கணக்கு படம் எடுப்பவருக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் நீளமாகி, நடுவில் சோம்பல் வந்துவிடுகிறது.

முதலில் சூரியனைக் கவனியுங்கள். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மட்டுமே. மற்ற நாட்களில் வடக்கே தள்ளியோ தெற்கே தள்ளியோதான் எழும். ஜூனில் காலை வெயில் விழுகிற சுவர், டிசம்பரில் நாள் முழுக்க நிழலில் கிடக்கலாம். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட இடங்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அன்று விளக்குக் கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. அந்த நாளைக் கண்டுபிடித்து ஒரு தெருவை எடுத்துப் பாருங்கள், எங்கேயோ ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கும்.

அடுத்தது மரம். வெப்பப் பகுதி மரங்கள் பலவற்றில் துளிர் பச்சையாக வருவதில்லை. செம்பு நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ வந்து, முதிர முதிரப் பச்சைக்கு மாறும். இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று எடுத்தால் நரம்புகள் ஒவ்வொன்றும் கோடு போட்ட மாதிரி தெரியும். இந்த நிறம் சில நாட்கள்தான் இருக்கும், அதனால் குறிப்பு எழுதுகிற பழக்கம் வேண்டும். முதல் துளிர், முதல் பூ, முதல் தும்பி, முதல் மழைக்குப் பிறகு கத்திய முதல் தவளை. தேதியை மட்டும் எழுதினால் போதும். அடுத்த ஆண்டு எந்த வாரம் எங்கே நிற்க வேண்டும் என்று அந்த நோட்டுப் புத்தகம் சொல்லிவிடும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது? வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மிஞ்சுகிற மஞ்சளும் சிவப்பும் நம்மை வந்து சேர்கின்றன. காலையும் மாலையும் எல்லாம் அழகாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த நேரம் சட்டென்று முடிந்துவிடும். துருவங்களை நோக்கிப் போகப் போக நீளும்.

மதிய இடைவேளை மட்டுமே கிடைக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். மரத்தடியில் தரையைப் பாருங்கள். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருந்தாலும் கீழே விழுகிற ஒளித்திட்டுகள் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். ஒவ்வோர் இடுக்கும் ஊசித்துளை கேமராவாக வேலை செய்து சூரியனின் உருவத்தைத் தரையில் வரைகிறது. பகுதிச் சூரிய கிரகணம் நடக்கும்போது அதே மரத்தடியில் நூற்றுக்கணக்கான பிறைகள் கிடக்கும். அந்தத் திட்டுகள் யாரோ ஒருவரின் சட்டை முதுகின் மேல் விழுந்து நகர்வதை எடுக்க மதியம்தான் சரியான நேரம்.

மேகமூட்டமான நாளைச் சலித்துக்கொள்ளாதீர்கள். பூவுக்கும் முகத்துக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. கேமராவின் கண்ணாடி வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கிற துளை) வழியாக மட்டும் எந்தக் காரணத்துக்கும் சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், பார்வையே போய்விடும்.

மழையில் எடுத்தால் மழையே தெரிவதில்லை. ஏன்?

பெரும்பாலும் பின்னணிதான் காரணம். வெள்ளை வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் துளி அதில் கரைந்துவிடும். கரும்பச்சை மரம், இருண்ட வாசல், ஈரமான தார்ச்சாலை என்று கறுப்பான ஏதாவது பின்னால் இருக்கட்டும். வெளிச்சம் துளிக்குப் பின்புறத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். இரவில் தெருவிளக்கைச் சுற்றி மழை அவ்வளவு நன்றாகத் தெரிவதும் இதனால்தான். ஷட்டர் வேகம் (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம்) 1/60 நொடி பக்கம் இருந்தால் துளிகள் கோடாக நீளும். 1/500-க்கு மேல் போனால் தனித்தனி மணிகளாக நிற்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், மணிகள் தூசு மாதிரி தெரிகின்றன.

கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, லென்ஸுக்கு ஓட்டை, இறுக்க ஒரு ரப்பர் பேண்ட், இவ்வளவு போதும். கூரைக்கு அடியில் நின்றே நிறைய எடுக்கலாம். குடை உள்ளவர் இல்லாதவரை இழுத்துச் சேர்த்துக்கொள்வது, பாதிக் கதவை இறக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்க்கிற கடைக்காரர், சைக்கிள் இருக்கைக்கு யாரோ மாட்டிவிட்ட பை, எல்லாமே அங்கிருந்து தெரியும். இடிச் சத்தம் காதில் விழுந்தால் மின்னல் எட்டுகிற தூரத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே போய்விடுங்கள்.

மழை விட்டதும் குட்டைகளைத் தேடுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீரை ஒட்டி வந்துவிடும். கையகலக் குட்டையில் எதிர்க்கட்டடம் முழுவதும் அடங்கும்.

வானவில்லுக்கு ஒரு கணக்கு உண்டு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்கள் தலை நிழல் விழுகிற திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகை தள்ளி வில் அமையும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமதளத்தில் நிற்பவருக்கு வில் தெரியவே தெரியாது. எனவே நண்பகல் மழைக்குப் பிறகு காத்திருப்பது பெரும்பாலும் வீண். காலையிலும் மாலையிலும்தான் வாய்ப்பு. போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்புகிற கண்ணாடி) போட்டிருந்தால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்: ஒரு நிலையில் வில் பளிச்சென்று வரும், இன்னொரு நிலையில் அப்படியே மறைந்துபோகும்.

மூடுபனிப் படம் ஏன் அழுக்குச் சாம்பலாக வருகிறது?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளையான பனியையும் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை (படத்தில் பதிகிற வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டுங்கள், சரியாகிவிடும்.

லென்ஸுக்குள் நூல் நூலாகப் படர்ந்திருக்கிறதே, என்ன அது?

பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வளரத் தொடங்கும். மூடி இறுகிய டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இந்த மூன்றும் இருந்தால் 40 முதல் 50 சதவீதத்தில் வைத்துக்கொள்ளலாம். தோல் உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான வெளிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே மூடி வைத்திருந்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பூச்சிகளை எப்படி இவ்வளவு பக்கத்தில் எடுக்கிறார்கள்? எங்களைக் கண்டாலே பறந்துவிடுகின்றனவே?

சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், வேறு வித்தை கிடையாது. பூச்சிகளின் உடல் வெப்பம் பெரும்பாலும் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. இரவில் குளிர்ந்துபோன தும்பியால் பறக்கும் தசைகள் சூடாகும் வரை எழும்ப முடியாது. விடிந்தும் விடியாத நேரத்தில் புல் நுனியைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். உடம்பு முழுக்கப் பனித்துளி. இறக்கை நரம்புகளுக்கு இடையே உள்ள சின்னச் சின்னக் கட்டங்களில் துளித்துளியாகத் தண்ணீர். கொஞ்சம் பெரிய துளிக்குள் உற்றுப் பார்த்தால், பின்னால் இருக்கும் பூ தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் துளியே ஒரு லென்ஸ். வெயில் ஏறியதும் இறக்கைகள் நடுங்க ஆரம்பிக்கும். உடம்பைச் சூடேற்றுகிற நடுக்கம் அது. அப்போது உங்களுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான்.

இவ்வளவு பக்கத்தில் போகும்போது கூர்மையாக வருகிற ஆழம் மில்லிமீட்டர் கணக்கில் சுருங்கிவிடும். எனவே இறக்கைக்கு இணையாக கேமராவைப் பிடியுங்கள், முழு இறக்கையும் ஃபோகஸில் வரும். முகத்தை எடுத்தால் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், மற்றது மங்கினால் மங்கட்டும். அப்படியும் தும்பி எழுந்து போய்விட்டால் அங்கேயே நில்லுங்கள். பல வகைத் தும்பிகள் ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும்.

பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பது, பசை வைத்து ஒட்டுவது எல்லாம் நடக்கிறது. அப்படி எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை.

பெரிய லென்ஸ் இல்லாமல் பறவைகளை எடுக்க முடியுமா?

முகம் நிறைய எடுக்க முடியாது. ஆனால் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை, அந்தி வானத்தில் கூட்டமாகத் திரும்புபவை, காலி மைதானத்தின் நடுவே தனியாக நிற்கும் ஒன்று, இதையெல்லாம் எந்த லென்ஸிலும் எடுக்கலாம். பறவை சிறியதாக இருந்தாலும் அது வாழ்கிற இடம் முழுக்கப் படத்தில் இருக்கும். பறக்கும்போது எடுக்க 1/1000 நொடியோ அதைவிட வேகமோ வேண்டும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மறைக்கிற இலையை ஒடித்தால் வெயிலுக்கும் காக்கைக்கும் வழி திறந்துவிட்ட மாதிரி. தாய்ப்பறவை பயந்து வெளியே இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்கிறது, அல்லது வெயிலில் காய்கிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது தன் எல்லையைக் காக்க அலையும்.

தெருவில் மனிதர்களை எடுக்கும்போது அனுமதி கேட்க வேண்டுமா? கேட்டால் இயல்பு போய்விடுகிறதே?

மனிதர் தெரிகிற மிகப் பழைய படங்களில் ஒன்று 1838-இல் பாரிஸ் தெருவொன்றில் லூயி டகேர் எடுத்தது. வண்டியும் ஆளுமாக இருந்திருக்க வேண்டிய தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது, ஏனென்றால் வெளிச்சம் விழ வேண்டியிருந்த சில நிமிடங்களில் நகர்ந்தவர்கள் யாருமே பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவரும் போட்டுவிட்டவரும் மட்டும் பதிந்தார்கள். அவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்தக் காலத்தில் அதோடு போயிற்று. இன்று ஒரு முகம் சில நொடிகளில் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. பொது இடத்தில் எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டில் என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் நான் பின்பற்றுகிற முறை வேறு. முகம் அடையாளம் தெரிகிற படமென்றால் கேட்டுவிடுவேன். முன்கூட்டிக் கேட்டால் இயல்பு போய்விடும் என்றால், எடுத்துவிட்டு உடனே அருகில் போய்த் திரையைக் காட்டி, "வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். அழுகிறவர், நோயாளி, தெருவில் உறங்குபவர் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

முகமே இல்லாமலும் அன்றாட வாழ்க்கையை நிறைய எடுக்கலாம். ஒரு துணிக்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் காலையில் போட்ட துணி மதியத்துக்குள் விறைத்துக் காய்ந்து கொடி காலியாகிவிடும். மழைக் காலத்தில் அதே கொடி வீட்டுக்குள் வந்து ஜன்னலை மறைக்கும். குளிர் வந்தால் போர்வையும் கம்பளியும் தொங்க, கொடி நடுவில் தொய்ந்துவிடும். தையல்காரரின் கை, செருப்பு விட்டிருக்கும் வாசல், பேருந்து நிறுத்தத்தில் நிழல் நகர நகரக் கூடவே நகர்கிற வரிசை என்று இன்னும் எவ்வளவோ. பழகியவர்களிடம் படத்தை அச்சிட்டுக் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அலுக்காதா?

சில மாதம் அலுக்கும், உண்மைதான். அப்போது தூரத்தை மாற்றுங்கள்: மரத்தை விட்டுப் பட்டை, பட்டையை விட்டு அதில் ஏறும் எறும்பு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் பனித்துகள் ஒன்றை நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்தார். 1931-இல் இறக்கும்வரை பனித்துகளையே எடுத்து, 5,000-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துவிட்டார். எல்லாம் சொந்த ஊரில் விழுந்த பனிதான்.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

நிறத்தை ஏற்றாதீர்கள், அதுதான் முக்கியம். எல்லாப் பருவத்தையும் ஒரே பளபளப்புக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் ஆண்டு முழுக்க எடுத்து என்ன பயன்? ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறத்தைச் சமன்செய்கிற அமைப்பை, தானியங்கியில் விட்டால் மாலையின் மஞ்சளையும் மழைநாளின் நீலத்தையும் கேமராவே திருத்திவிடும். ஆண்டு முழுக்க 'பகல் வெளிச்சம்' என்ற நிலையிலேயே வையுங்கள், மாதங்களுக்கு இடையிலான நிற வேறுபாடு அப்படியே நிற்கும். கேமராவில் ரா வசதி (பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே சேமிப்பது) இருந்தால் போடுங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் தகவல்தான். ரா பெரும்பாலும் 12 அல்லது 14 பிட், நிழலுக்குள் இருப்பதை மீட்க இடம் தருகிறது.

படங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. எப்படிப் பராமரிப்பது?

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கோப்புறைக்குப் பெயர் வையுங்கள், தானாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். மங்கியவற்றை அன்றே அழித்துவிடுங்கள். நல்லதைப் பொறுக்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், எடுத்த அன்று எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பிரதிகள் மூன்று இருக்கட்டும்: இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றில் குறைந்தது ஒன்று வீட்டுக்கு வெளியே.

படங்களைப் பகிர்வதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும். அரிய உயிரினமோ கூடோ உங்கள் வீட்டு வாசலோ என்றால், அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். உயிரினப் படங்களை 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க மற்றவர்கள் உதவுவார்கள். அழியும் நிலையில் உள்ளவற்றின் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடுகிறது. உங்கள் தேதிக் குறிப்புகள் அங்கே ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

மாதா மாதம் ஒரே கோணத்தில் எடுக்க நினைத்தேன், எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. என்ன வழி?

முதல் படத்தை எடுத்ததும் நின்ற இடத்தை நகராத ஒன்றை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கம்பத்திலிருந்து எத்தனை அடி, எந்தப் படிக்கட்டின் மேல். ஜூம் லென்ஸ் என்றால் அதில் எத்தனை எம்.எம். காட்டுகிறது என்றும் எழுதுங்கள். கேமராவின் உயரம் மாறினால் எல்லாமே மாறிவிடும், எனவே கண் மட்டமா மார்பு மட்டமா என்று தீர்மானித்து அதிலேயே இருங்கள். முதல் படத்தைச் சின்னதாக அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். கிட்டே இருக்கும் ஒரு பொருளும் தொலைவில் இருக்கும் ஒரு பொருளும், உதாரணமாக வேலிக்கம்பின் நுனியும் பின்னால் இருக்கும் கூரையின் மூலையும், படத்தில் தொட்டுக்கொள்கிற மாதிரி ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். அவை மறுபடி தொட்டால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். மரம் வளரும், கம்பத்தையே பிடுங்கிவிடுவார்கள், எனவே இப்படி இரண்டு ஜோடி இருப்பது நல்லது. அப்புறம் கேமராவின் கடிகாரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பேட்டரி நாள்கணக்கில் வெளியே கிடந்தால் சில கேமராக்களில் தேதி பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும், உங்கள் ஆகஸ்ட் மழையெல்லாம் ஜனவரி முதல் தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.